முதுமையும் தசை வலிவும்

சென்ற ஆண்டு அருப்புக்கோட்டையில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். அங்கத்தினர் பதிவேட்டையும் துணி வரவுப் பதிவேட்டையும் ஒப்பிட்டு வருகையில், ஒரு பெயருக்கு நேரே எட்டு மாதங்களாகத் துணி வரவு ஏதும் இல்லாதிருப்பதைக் கண்டோம். அவர் நூல் பெறவில்லை, கூலியும் பெறவில்லை. ‘தொழில் செய்யாதவர்’ என்று சிவப்பு மையால் குறித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினோம். பதிவேட்டைப் பொறுத்தவரை அது சரியான குறிப்பேயாகும்.

அன்று மாலை, சங்கத்தின் எழுத்தர் உடன்வர, தறிகளைப் பார்வையிடத் தெருவுக்குள் சென்றோம். நாம் சிவப்பு மையால் குறித்த அந்த அங்கத்தினர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தார். வயது அறுபத்தேழு. உள்ளே குழித்தறி பாவோடு நின்றது. பாதி நெய்த சேலையின்மீது ஒரு பழைய வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள். “தறிக்கு என்ன பழுது, ஐயா?” என்று வினவினோம்.

“தறிக்கு ஒண்ணும் இல்லை சார். குழியில எறங்கிருவேன். ஏறத்தான் முடியலை. ரெண்டு பேரு கையைப் புடிச்சுத் தூக்கணும். தெனமும் யாரைக் கூப்பிடுறது?” என்றார் அவர்.

அவருடைய கை நடுங்கவில்லை. கண்புரை நீக்கப்பட்டுப் பார்வை தெளிவாக இருந்தது. அறுந்த இழையை முடியும் விரல்களின் திறமும் குறையவில்லை. தொடையில் மட்டுமே வலு இல்லை. “வயசாயிருச்சுல்ல, சும்மா உக்காந்திருக்கட்டும்” என்று வீட்டார் அன்போடு கூறினர். நாமும் அவ்வாறே எண்ணிக்கொண்டு திரும்பினோம். அந்த எண்ணம் பிழையானது என்பதைப் பின்னரே அறிந்தோம். அப்பிழையை வேறு எவரும் செய்யாதிருக்கும்பொருட்டே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

பெயரும் இயல்பும்

முதுமையில் உடலின் தசை குறைவதும் அதனோடு வலிமை குன்றுவதும் எக்காலத்திலும் கண்டதே. ஆயினும் அதற்கென மருத்துவ உலகில் ஒரு பெயர் வழங்கத் தொடங்கி நெடுங்காலம் ஆகவில்லை. அமெரிக்க மருத்துவ அறிஞர் இர்வின் ரோசன்பர்க் என்பார் 1989 ஆம் ஆண்டில் இதற்குச் ‘சார்கோபீனியா’ என்று பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் ‘சார்க்ஸ்’ என்பது ஊன். ‘பீனியா’ என்பது வறுமை. ஊன் வறுமை என்பதே அப்பெயரின் பொருள். பெயரில்லாத நோயை ஆராய்வாரும் இல்லை, மருத்துவம் செய்வாரும் இல்லை என்று கருதியே அவர் இப்பெயரை முன்மொழிந்தார். 2016 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி எண்ணும் அளிக்கப்பட்டது. ஆசிய மக்களின் உடலமைப்புக்கு ஏற்ற அளவுகளை ஆசிய மருத்துவ அறிஞர் குழு ஒன்று 2014 ஆம் ஆண்டில் வகுத்து, 2019 ஆம் ஆண்டில் திருத்தி வெளியிட்டது.

முப்பது வயதைக் கடந்தபின் பத்தாண்டுக்கு நூற்றுக்கு மூன்று முதல் எட்டுப் பங்கு வரை தசை குறைகின்றது என்பது பொதுக் கணக்கு. அறுபதுக்கு மேல் இக்குறைவு விரைவுபடுகின்றது. இதனினும் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. தசையின் அளவு குறையும் வேகத்தைக் காட்டிலும் அதன் வலிமை குறையும் வேகம் இரண்டு மூன்று மடங்கு மிகுதி. ஆகையால் ஆள் பார்வைக்கு முன்போலவே இருப்பார்; எழும்போதுதான் உண்மை வெளிப்படும். சிலருக்குக் குறைந்த தசையின் இடத்தைக் கொழுப்பு நிரப்பிவிடும். எடை குறையாதிருப்பதால் வீட்டாரும் ஐயுறுவதில்லை.

உள்ளே நிகழ்வது யாது?

இதனை நம் நெசவாள அங்கத்தினர்க்கு விளக்குவது எளிது. தசை என்பது பாவைப் போன்று பல்லாயிரம் இழைகளின் தொகுதி. முதுமையில் இரு வகைக் கேடு நேர்கின்றது. இழைகள் ஒவ்வொன்றும் மெலிகின்றன. இழைகளின் எண்ணிக்கையும் குறைகின்றது. இழைகளை இயக்கும் நரம்புகளுள் சில மடிவதே எண்ணிக்கை குறைவதற்கு ஒரு காரணம். நரம்பின் ஆணையை இழந்த இழைகளுள் சிலவற்றை அருகிலுள்ள நரம்பு ஏற்றுக்கொள்கின்றது, ஏனையவை அழிகின்றன. தசையிழைகளுள் விரைந்து சுருங்குவன என்றும் மெல்லச் சுருங்குவன என்றும் இரு வகை உண்டு. முதுமையில் மிகுதியாகக் கெடுவன விரைந்து சுருங்கும் இழைகளே. கால் இடறியவுடன் மறுகாலை முன்வைத்து உடலைத் தாங்கிக்கொள்ள உதவுவன அவையே. முதியோர் இடறினால் விழுந்துவிடுவதன் காரணம் இங்கே விளங்கும்.

இரண்டாவது காரணத்தை வரவு செலவுக் கணக்கைக்கொண்டு விளக்கலாம். உடலில் தசைப்புரதம் நாள்தோறும் கட்டப்படுகின்றது, நாள்தோறும் கரைகின்றது. இளமையில் உணவிலுள்ள புரதம் சிறிதளவே ஆயினும் உடல் அதனைப் பற்றிக்கொண்டு தசையைக் கட்டுகின்றது. முதுமையில் அவ்வளவு புரதத்திற்கு உடல் இணங்குவதில்லை. ஒரே வேளையில் சற்று மிகுதியாக வந்தால்தான் கட்டும் வேலை தொடங்குகின்றது. ஆனால் நம் ஊர்களில் நடப்பது யாது? பல் போனபின் கஞ்சியும் இரசஞ்சோறுமே உணவாகின்றன. வரவு பெருக வேண்டிய காலத்தில் அது சுருங்குகின்றது.

மூன்றாவது காரணம் ஓய்வு. அமெரிக்க நாட்டில் 2007 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், நோய் ஏதுமற்ற முதியோர் சிலரைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்தனர். அப்பத்து நாட்களில் அவர்தம் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்துபோயிற்று. காய்ச்சலுக்கோ அறுவை மருத்துவத்திற்கோ பத்து நாள் படுத்தெழுந்த முதியவர் ‘அதன்பின் தேறவேயில்லை’ என்று கேள்விப்படுகிறோமன்றோ? அதன் விளக்கம் இதுவே. இவையன்றி நீரிழிவு, நெடுநாள் மூட்டழற்சி, வைட்டமின் டி குறைவு, உடலின் சுரப்புநீர்கள் குறைதல் ஆகியனவும் தசையைக் கரைப்பனவாம்.

நம் சீமையில் இதன் நிலை

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் நீர் ஓடும் நாட்கள் சிலவே. கம்பும் குதிரைவாலியும் உளுந்தும் பாசிப்பயறும் மிளகாயும் பருத்தியும் விளையும் இக்கரிசற் காட்டில் உழைப்பின்றி எவரும் உண்டதில்லை. கமலை இறைத்தவர்களும், ஏர் பிடித்தவர்களும், தலையில் குடம் சுமந்து கால் காத நடை நடந்தவர்களும் தசை வலிவைத் தேடிச் செல்ல வேண்டியிருக்கவில்லை. இன்று கமலை இல்லை. உழவு இழுவை இயந்திரத்தால் நடைபெறுகின்றது. நீர் குழாயில் வருகின்றது. இம்மாற்றங்களுக்காக வருந்துவார் எவருமிலர், நாமும் வருந்தவில்லை. ஆனால் உடலுக்கு அவ்வுழைப்பு தந்த ஒன்றை வேறு வழியில் ஈடுசெய்ய வேண்டும் என்பதை மறந்துவிட்டோம்.

நெசவாளர் நிலை இன்னும் நுட்பமானது. “நாள் முழுதும் மிதிக்கிறோமே, கால் எவ்வாறு மெலியும்?” என்று ஓர் அங்கத்தினர் நம்மைக் கேட்டார். நல்ல கேள்வி. மிதி மிதிப்பது பளுவற்ற வேலை. ஆயிரம் முறை செய்தாலும் அது காலைச் சலிக்கச் செய்யுமேயன்றித் தொடைக்குப் பளு ஏற்றாது. உட்கார்ந்தே செய்யும் வேலையாதலின் உடலின் எடையைக் கால்கள் சுமப்பதுமில்லை. குழியிலிருந்து ஏறும் அந்த ஒரு கணத்தில்தான் தொடை தன் முழு வலிமையைக் காட்ட வேண்டியுள்ளது. நாற்பது ஆண்டு தறியில் இருந்தவர் அந்த ஒரு கணத்தில் தோற்பதன் காரணம் இதுவே.

தமிழ்நாட்டில் இது சிலரைப் பற்றிய செய்தியன்று. 2021 ஆம் ஆண்டிற்கான அரசு மதிப்பீட்டின்படி நம் மாநில மக்களுள் அறுபது வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 13.6 பேர், இந்தியாவில் கேரளத்திற்கு அடுத்த இடம் நமதே. நம் சங்கங்களின் அங்கத்தினர் பட்டியலைப் புரட்டினால் இக்கணக்கை எவரும் மெய்ப்பித்துக்கொள்ளலாம். இளைஞர் வேறு தொழிலுக்குச் செல்ல, தறியில் நிற்போர் பெரும்பாலும் நடுவயதினரும் முதியோருமே. அவர்தம் தசை வலிவு சங்கத்தின் முதலும் ஆகும்.

இழப்பின் அளவு

திருச்சுழிப் பக்கத்தில் ஒரு வேளாண்மைக் கடன் சங்கத்தில் நாம் அறிந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். தவணை தவறாது கடனைத் திருப்பிச் செலுத்துபவர். மிளகாய்ப் பழம் எடுப்பதில் இளம்பெண்கள் அவருக்கு ஈடாகார். சில காலமாக வரப்பேறச் சிரமப்படுவதாகவும், அடிக்கடி கால் இடறுவதாகவும் கூறிவந்தார். எவரும் பொருட்படுத்தவில்லை. ஒரு நாள் தம் வீட்டு வாசற்படியில் இடறி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை மருத்துவம் நடந்தது. ஆயினும் படுக்கையில் கழிந்த வாரங்கள் எஞ்சிய தசையையும் கொண்டுபோயின. அவர் மீண்டும் காட்டுக்குச் செல்லவில்லை. அக்குடும்பத்தில் ஒருவரின் கூலி அவருடையதும், மற்றொருவரின் கூலி அவரைக் கவனித்துக்கொள்வதிலும் போயிற்று.

விழுதல் ஒன்றே இழப்பன்று. நாம் உண்ணும் உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையின் பெரும்பங்கை ஏற்றுக்கொள்வது தசையே. தசை குறையின் சர்க்கரை தங்குவதற்கு இடமின்றி இரத்தத்திலேயே நிற்கும். நீரிழிவு கட்டுக்கடங்காது போகும். நீரிழிவு மிகுந்தால் தசை மேலும் கரையும். நோயுற்ற காலத்தில் உடல் எடுத்துச் செலவிடும் ஒதுக்கு நிதியும் தசையே. ஒதுக்கு நிதி இல்லாத சங்கம் ஒரு பஞ்சத்தைத் தாங்காது என்பதை நாம் அறிவோம்.

வீட்டிலேயே அறியும் வழி

மருத்துவமனைகளில் கைப்பிடியின் வலிமையை ஒரு சிறு கருவியால் அளக்கின்றனர். ஆடவர்க்கு 28 கிலோவிற்கும் பெண்டிர்க்கு 18 கிலோவிற்கும் குறைந்தால் அது வலிமைக் குறைவு என்பது ஆசியக் குழுவின் அளவு. 2017-18 இல் 45 வயதைக் கடந்த 72,000க்கும் மேற்பட்டவர்களிடையே நடைபெற்ற இந்திய முதுமை ஆய்விலும் கைப்பிடி வலிமை அளக்கப்பட்டது. கருவி இல்லாத வீட்டிலும் செய்யத்தக்க சோதனைகள் மூன்று உண்டு.

முதலாவது, எழுந்தமரும் சோதனை. சுவரோடு சாய்த்துவைத்த நாற்காலியில் கைகளை மார்பின்மேல் குறுக்காகக் கட்டிக்கொண்டு அமர வேண்டும். கையூன்றாமல் ஐந்து முறை எழுந்தமர வேண்டும். பன்னிரண்டு விநாடிகளோ அதற்கு மேலோ ஆயின் எச்சரிக்கை எனக் கொள்க.

இரண்டாவது, நடை. துணி அளக்கும் மீட்டர்க் கோல் சங்கத்தில் உண்டு. அதனால் ஆறு மீட்டரைத் தரையில் குறித்துக்கொள்க. இயல்பான நடையில் அதனைக் கடக்க ஆறு விநாடிக்கு மேல் ஆனால் நடை குன்றியது என்று பொருள்.

மூன்றாவது, கெண்டைக்காலின் சுற்றளவு. மிகப் பருத்த இடத்தில் நாடாவால் அளக்க வேண்டும். ஆடவர்க்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்டிர்க்கு 33 சென்டிமீட்டருக்கும் குறைந்தால் மருத்துவரைக் காண்பது நன்று. நாடா இல்லாதவிடத்து ஜப்பானியர் ஒரு வழி வைத்திருக்கின்றனர். தம் இரு கைகளின் பெருவிரல்களையும் சுட்டுவிரல்களையும் சேர்த்து வளையமாக்கிக் கெண்டைக்காலைச் சுற்றுவர். வளையத்திற்கும் காலுக்கும் இடையே சந்து இருந்தால் தசை குறைந்தது எனக் கொள்வர். காலில் நீர்கோத்து வீங்கியிருப்பவர்க்கு இவ்வளவுகள் பொருந்தா.

தீர்க்கும் வழி: பளு

இதற்கு மருந்து யாது என்பதே அடுத்த கேள்வி. தசைநலிவுக்கென்று ஒப்புதல் பெற்ற மருந்து இன்றுவரை எதுவும் இல்லை. மெய்ப்பிக்கப்பட்ட மருத்துவம் ஒன்றே உண்டு; அது பளுவை எதிர்த்துத் தசையை இயக்கும் பயிற்சி.

இதற்குச் சான்றாக ஒரு வரலாற்றைக் கூறுவோம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மரியா ஃபியாடரோன் என்னும் மருத்துவ அறிஞரும் அவர்தம் கூட்டத்தாரும் முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேரைத் தெரிந்தெடுத்தனர். அவர்களின் சராசரி வயது தொண்ணூறு. எட்டு வாரங்கள் தொடைத் தசைக்குப் பளுப் பயிற்சி அளித்தனர். 1990 ஆம் ஆண்டில் வெளியான முடிவு மருத்துவ உலகை வியக்கச் செய்தது. தொடையின் வலிமை சராசரியாக நூற்றுக்கு 174 பங்கு கூடியது. அதாவது முன்பிருந்ததைப்போல் ஏறத்தாழ 2.7 மடங்காயிற்று. இருவர் கைத்தடியை விட்டுவிட்டனர். முன்பு கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ இயலாதிருந்த மூவருள் ஒருவர் தாமே எழுந்தார். தொண்ணூறு வயதில் இது நிகழுமாயின் அறுபத்தேழில் ஏன் நிகழாது?

அதே கூட்டத்தார் 1994 ஆம் ஆண்டில் நூறு பேரிடம் செய்த ஆய்வை வெளியிட்டனர். சராசரி வயது 87. காலம் பத்து வாரம். பயிற்சி செய்தோரின் தசை வலிமை இரு மடங்கிற்கும் மேலாயிற்று. சத்துப் பானம் மட்டும் பெற்றுப் பயிற்சி செய்யாதோர்க்கு வலிமை கூடவில்லை. இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் தெளிவானது. பயிற்சியின்றி உணவு மட்டும் போதாது.

முதல் ஆய்வில் மற்றொரு செய்தியும் உண்டு. பயிற்சியை நிறுத்திய நான்கே வாரங்களில் பெற்ற வலிமையில் நூற்றுக்கு 32 பங்கு போய்விட்டது. தவணை கட்டுவதைப் போன்றே இதனையும் தொடர்ந்து செய்ய வேண்டும்.

செய்முறை

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. நம் வீட்டுத் திண்ணை போதும்.

திண்ணையிலோ உறுதியான முக்காலியிலோ அமர்ந்து எழுதல் முதற் பயிற்சி. முதலில் கையூன்றி எழலாம், பின்னர் ஒரு கை, பின்னர் கையின்றி. எழும்போது விரைவாகவும் அமரும்போது மெதுவாகவும் செய்தல் வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு முறை ஒரு சுற்று. சற்று இளைப்பாறி மற்றொரு சுற்று. கதவு நிலையைப் பற்றிக்கொண்டு குதிகாலை உயர்த்தி நிற்றல் இரண்டாவது. சுவரில் இரு கைகளையும் ஊன்றி உடலைச் சாய்த்து மீண்டும் தள்ளுதல் மூன்றாவது. துணிப் பையில் ஒரு கிலோ மணலிட்டுக் கையால் மடக்கித் தூக்குதல் நான்காவது. அதே பையைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு, அமர்ந்தபடி காலை நீட்டி மடக்குதல் ஐந்தாவது. கையெட்டும் தூரத்தில் சுவர் இருக்க, ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்றல் உடலின் நிலைபேற்றுக்கு உரியது.

பன்னிரண்டு முறை எளிதாகிவிட்டால் பளுவைக் கூட்ட வேண்டும் என்பதே இதன் உயிர்நிலை. ஒரு கிலோ மணலை ஆண்டு முழுதும் தூக்கிக்கொண்டிருப்பதால் பயனில்லை. கடைசி இரண்டு மூன்று முறை சிரமமாகத் தோன்ற வேண்டும், வலி தோன்றலாகாது. மூச்சை அடக்கக் கூடாது. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள், இடையிடையே ஒரு நாள் ஓய்வோடு செய்தல் தகும். உலக சுகாதார நிறுவனம் 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையும் வாரத்தில் இரண்டு நாளாவது தசை வலிவுப் பயிற்சியையும், முதியோர்க்கு மூன்று நாளாவது நிலைபேற்றுப் பயிற்சியையும் வற்புறுத்துகின்றது. நடைப்பயிற்சி இதயத்திற்கு நன்று, அதனையும் கைவிடலாகாது. ஆனால் நடை ஒன்றே தசைநலிவைத் தீர்த்துவிடாது.

நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் உடையோரும், அண்மையில் அறுவை செய்துகொண்டோரும் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். அடிக்கடி விழுவோர் அருகில் ஒருவர் நிற்கச் செய்க.

உணவு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2020 ஆம் ஆண்டுப் பரிந்துரை, வயது வந்தோர்க்கு உடல் எடை ஒரு கிலோவிற்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது. 65 வயதைக் கடந்தோர்க்கு 1.0 முதல் 1.2 கிராம் வேண்டும் என்பது பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று 2013 ஆம் ஆண்டில் கூறிய முடிவு. ஐம்பது கிலோ எடையுள்ள முதியவர்க்கு ஐம்பது முதல் அறுபது கிராம் என்று கொள்ளலாம். ஒரே வேளையில் அனைத்தையும் உண்பதினும் மூன்று வேளைக்கும் பகிர்ந்துகொள்வது நன்று.

இது செல்வர்க்கே இயலும் என்று கருத வேண்டா. நம் சீமையின் விளைபொருள்களைக் கொண்டே கணக்கிட்டுக் காட்டுவோம். காலையில் ஐம்பது கிராம் கம்பில் காய்ச்சிய கூழ், முப்பது கிராம் பாசிப்பயறுச் சுண்டல், ஒரு முட்டை: இவற்றில் ஏறத்தாழ 18 கிராம் புரதம். நண்பகலில் 120 கிராம் அரிசிச் சோறு, நாற்பது கிராம் துவரம் பருப்பு, ஒரு கிண்ணம் தயிர்: 21 கிராம். மாலையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை: 6 கிராம். இரவில் குதிரைவாலிச் சோறும் ஒரு குவளைப் பாலும்: 10 கிராம். ஆக, 55 கிராம். முட்டை உண்ணாதார் அதற்கு மாற்றாகப் பருப்பையோ பாலையோ கூட்டிக்கொள்ளலாம். மீனும் கறியும் உண்போர்க்கு இன்னும் எளிது. பல்லில்லாதார் பயற்றை வேகவைத்து மசித்தும், கடலையைப் பொடித்தும் உண்ணலாம். சிறுநீரக நோயுடையோர் மட்டும் மருத்துவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டலாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கையைக் கூறாதிருத்தல் இயலாது. நம் ஆய்வின்போது ஓர் அங்கத்தினர் நகைக் கடன் பெற்றதன் காரணத்தைக் கேட்டோம். ‘தசை வளர்க்கும் மாவு’ என்று வீட்டுக்கு வந்த வணிகர் ஒருவர் விற்ற மூன்று டப்பாக்களுக்காக என்றார். மாவை உண்டுவிட்டுத் திண்ணையிலேயே அமர்ந்திருந்தார் அவர். டப்பாக்கள் தீர்ந்தன, கடன் நின்றது, கால் பழையபடியே இருந்தது. அத்தொகைக்குத் துவரம் பருப்பு வாங்கியிருந்தால் பல மாதங்களுக்குக் குடும்பமே உண்டிருக்கும்.

நாட வேண்டிய இடங்கள்

முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாடு பின்தங்கிய நாடன்று. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர்க்கெனத் தனி மருத்துவப் பிரிவு 1978 ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. அதனை உருவாக்கிய டாக்டர் வ. செ. நடராசன் இந்தியாவில் முதியோர் மருத்துவத்தின் முதற் பேராசிரியர் எனப் போற்றப்படுபவர். 2024 ஆம் ஆண்டில் சென்னைக் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறக்கப்பட்டது. நமக்கு அண்மையில் அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனையும், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. நடக்க இயலாதோர் வீட்டிற்கே இயன்முறை மருத்துவர் வருவதற்கு, 2021 ஆகஸ்டு 5 இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வழி செய்கின்றது. ஊர்ச் சுகாதாரப் பணியாளரிடம் கூறினால் போதும். எடை திடீரெனக் குறைந்தாலோ, ஒரு கால் மட்டும் மெலிந்தாலோ, கால் மரத்துப்போனாலோ அது வேறு நோயின் அறிகுறியாக இருக்கலாம். அத்தகையோர் பயிற்சியை நம்பிக் காலங்கடத்தாது மருத்துவரைக் காண வேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கன

கூலி வழங்கும் நாளில் முதிய அங்கத்தினர் அனைவரும் சங்கத்திற்கு வருகின்றனர். அன்று ஒரு நாற்காலியும் ஒரு கடிகாரமும் ஒரு நாடாவும் இருந்தால் மூன்று சோதனைகளையும் கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஆண்டுக்கு இருமுறை அளந்து ஒரு பதிவேட்டில் குறிக்கலாம். அதே நாளில் பத்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து பயிற்சி செய்யலாம். தனியே செய்ய நாணுவோர் கூட்டத்தோடு செய்வர். குழித்தறியின் அருகே பற்றி எழுவதற்கு ஓர் உறுதியான மரக்கம்பம் நடுவதும், குழியினுள் ஒரு படி கட்டுவதும் சிறு செலவே. இவற்றிற்குப் புதுச் சட்டம் ஒன்றும் வேண்டுவதில்லை. நிர்வாகக் குழுவின் ஒரு தீர்மானம் போதும்.

முதலில் கூறிய அங்கத்தினரை மீண்டும் கண்டதைச் சொல்லி முடிப்போம். இவற்றையெல்லாம் படித்தறிந்தபின் நாம் அவர் வீட்டிற்குச் சென்றோம். அரசு மருத்துவரிடம் காட்டி ஒப்புதல் பெற்று, திண்ணையிலேயே பயிற்சியைத் தொடங்கினார். முதல் நாள் கையூன்றியும் மூன்று முறைக்குமேல் எழ இயலவில்லை. “சின்னப் பிள்ளையாட்டம் எந்திரிச்சு உக்காரச் சொல்றீகளே சார்” என்று சிரித்தார். மூன்று மாதங்கள் கழித்துச் சென்றபோது திண்ணையில் அவர் இல்லை. உள்ளே தறியின் ஓசை கேட்டது. நம்மைக் கண்டதும் அருகில் நட்டிருந்த கம்பத்தை ஒரு கையால் பற்றிக்கொண்டு, பிறர் துணையின்றிக் குழியிலிருந்து மேலேறி வந்தார். முன்போல் நாள் முழுதும் அவரால் நெய்ய இயலவில்லை. அரை நாளே நெய்கின்றார். பாதியில் நின்ற சேலை முடிந்து சங்கத்திற்கு வந்துவிட்டது.

அவர் பெயருக்கு நேரே நாம் எழுதிய சிவப்புக் குறிப்பை அடித்து, நீல மையால் ‘தொழில் செய்கின்றார்’ என்று எழுதிக் கையொப்பமிட்டோம். திருச்சுழி மூதாட்டியின் பெயருக்கு நேரே அவ்வாறு எழுதும் வாய்ப்பு நமக்குக் கிட்டவில்லை. இத்தகைய பெயர்கள் ஒவ்வொரு சங்கத்தின் பதிவேட்டிலும் இருக்கக்கூடும். அடுத்த கூலி நாளுக்குள் அவற்றைத் தேடிக் கண்டறிந்து, அவர்தம் வீட்டுத் திண்ணைக்குச் சென்று வருமாறு சங்க நிர்வாகிகளையும் அங்கத்தினரையும் கேட்டுக்கொள்கின்றோம்.